இருநூற்றுப் பத்து கிலோ

கண்டெய்னரை ஏற்றிய லாரி துறைமுகத்து எடை மேடையில் ஏறி நின்றபோது நான் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் காரணம், அந்தப் பாட்டின் மேல் யாரோ கண் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பாடாமல் என்ன செய்வேன்? உள்ளே இருந்தது அக்காவின் தொழிற்சாலையில் செய்த நானூற்று இருபது தராசுகள். கடைகளில் மேஜைமேல் வைத்திருப்பார்களே, எண் ஒளிரும் தராசு, அதேதான். அக்கா முதல்முறையாகக் கப்பலில் அனுப்பும் சரக்கு. ஒரு வருடமாக உள்ளூர் ஆர்டர் தேய்ந்து தேய்ந்து, இருபத்திரண்டு பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இந்தக் கப்பலில் சரக்கு வந்தால் மாதாமாதம் இதே அளவு எடுத்துக்கொள்கிறோம் என்று வெளிநாட்டுக்காரன் எழுதிக் கொடுத்திருந்தான். வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தான், மகராசன். அந்தக் கப்பலுக்கான கேட் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடும், அதற்குள் கண்டெய்னர் உள்ளே போயாக வேண்டும். அப்போது மணி பதினொன்றரை.

"கப்பல் வேலையை என்கிட்ட விடுக்கா, காகிதம் பூரா நான் பாத்துக்கறேன்" என்று அக்காவிடம் அடம்பிடித்து வாங்கியவள் நான். ஒரு பெட்டியை என் கையாலேயே எடை போட்டேன். தராசு, மேல்தட்டு, வயர், தெர்மாகோல், அட்டைப்பெட்டி, எல்லாம் சேர்த்து ஆறு கிலோ. நானூற்று இருபதால் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. கண்டெய்னரின் சொந்த எடை இரண்டாயிரத்து இருநூற்று முப்பது. ஆக மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. கீழே என் கையெழுத்து. என் கணக்கில் பிசகு கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எடை மேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பேப்பர்ல நாலாயிரத்து எழுநூத்தி அம்பது. லாரியைக் கழிச்சுட்டு இங்க நாலாயிரத்து தொள்ளாயிரத்து அறுபது காட்டுது. இருநூத்திப் பத்து கிலோ கூட இருக்கே. என்ன சரக்கு?"

"தராசு" என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாயிலிருந்த பேனா கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். "தராசு செய்யறவங்களுக்கே எடை தப்பா? ஏய், இங்க வாங்கப்பா, இதைக் கேளுங்க!"

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். தொழிற்சாலையில் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்ததே அதனால்தான். அந்த ஆளை எதுவும் சொல்ல முடியாது. பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார், அக்காவின் வீட்டுக்காரர். ஒவ்வொரு தராசையும் சோதித்து, பேக்கிங் செய்யும்போது கூட நின்று பார்த்தவர் அவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"உள்ள என்ன வச்சீங்க?" என்று பாய்ந்தேன்.

"ஒண்ணும் இல்லியேம்மா."

"ஒண்ணும் இல்லாமலா இருநூத்திப் பத்து கிலோ ஏறும்? சோதிக்கிற எடைக்கல்லையெல்லாம் பெட்டிக்குள்ள மறந்துட்டீங்களா? பேக்கிங் பண்றப்ப கண்ணைத் திறந்துதானே நின்னீங்க?"

அத்தான் தன் பத்து வார்த்தையைச் சேமித்துக்கொண்டார்.

*

எடை ஒத்துப்போகாத கண்டெய்னரைத் திறந்து பார்க்காமல் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். எங்கள் லாரியைச் சுங்கச் சோதனை ஷெட்டுக்குத் திருப்பினார்கள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையில் மஞ்சள் கோடுகள், மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் முத்திரையும் மைப்பெட்டியும்.

அங்கே சோதனை செய்யும் அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தூக்கி முடிந்த கொண்டை, சட்டைப்பையில் டார்ச், கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பு ஊசி. மூட்டைகளைக் குத்திப் பார்க்கிற ஊசியாம். சுமை இறக்குகிறவர்கள் அவருக்கு 'எக்ஸ்ரே அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்தது.

அவர் கதவிலிருந்த சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டார். சீலை வெட்டச் சொன்னார். அடுக்கியிருந்த பெட்டிகளை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானூத்தி இருபது பெட்டி. இருநூத்திப் பத்து கிலோ. பெட்டிக்குச் சரியா அரைக் கிலோ வருது, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. கணக்குப் புலி கவனிக்கவில்லை.

"ஏதோ ஒரு மூட்டை மறந்து ஏறிடுச்சுன்னா ஒரு இடத்துல இருக்கும். இது எல்லாப் பெட்டியிலயும் ஒரே அளவா இருக்குதுன்னா, தெரிஞ்சே யாரோ வச்சிருக்காங்க. அதை நீங்களே சொல்லிட்டா எனக்கும் வேலை மிச்சம்."

ஒவ்வொரு பெட்டியிலும் அரைக் கிலோ! போதைமருந்தோ வேறு எதுவோ, என்னவென்று நினைக்கிறார் இந்த அம்மா? "மேடம், சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நான் சொன்ன விதத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

"எல்லாத்தையும் இறக்குங்க" என்றார்.

சுமைக்காரர்கள் எட்டுப் பேர். அவர்களோடு நானும் இறங்கினேன், அத்தானும் இறங்கினார். பெட்டி பெட்டியாக வெளியே வந்தது. அதற்குள் அக்கா மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"என்னடி, உள்ள போயாச்சா?"

"வரிசையில நிக்கிறோம்க்கா. எல்லாம் நல்லபடியா போகுது. டீ குடிச்சிட்டிருக்கோம்."

மூச்சு இரைக்க இரைக்க டீ குடிப்பவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அக்கா நம்பினாளோ என்னவோ.

இரண்டே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி தரைக்கு வந்தது. நானூற்று இருபது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அதிகாரி காலிக் கண்டெய்னருக்குள் போய்ச் சுவரைத் தட்டினார், தரைப் பலகையைத் தட்டினார். பிறகு இங்கொன்று அங்கொன்றாக முப்பது பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். தெர்மாகோலில் ஊசியைச் செருகினார். ஒரு தராசின் அடிப்பலகையைத் திருகு கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தானின் முகம், பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பன் முகமாக இருந்தது.

ஒன்றும் இல்லை. ஒரு கூழாங்கல்கூட இல்லை.

"பாத்தீங்களா மேடம்! நான்தான் சொன்னேனே! மூடி ஏத்திடலாமா?" என்று குதித்தேன்.

"எதை வச்சு ஏத்தறது?" அவர் நெற்றியைத் துடைத்தார். "பொருள் இல்ல, சரி. ஆனா எடை இருக்கே. அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? கண்டுபிடிச்சாத்தான் விடுவேன். இல்லேன்னா நாளைக்கு எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பார்க்கணும்."

நாளைக்கு! நாளைக்குக் கப்பல் நடுக்கடலில் இருக்கும். மணி மூன்று இருபது. இருபத்திரண்டு பெண்களின் முகமும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. காலையில் லாரி கிளம்பும்போது எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினார்கள். நான் ராணி மாதிரி கையசைத்துவிட்டு வந்தேன். அழுதால் நேரம் போகும் என்று அழுகையை விழுங்கினேன்.

"ஒரு பெட்டியை எடை போட்டுப் பாத்துட்டா என்ன மேடம்?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எங்க தராசு ரிப்பேராகி நாலு மாசம் ஆச்சு. பக்கத்து ஷெட்டுல ஒண்ணு இருக்கு, சாவி வச்சிருக்கவரு லீவு."

சுமைக்காரர்களின் மேஸ்திரி தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு தராசு இருப்பதாகச் சொன்னார், போய் வர முக்கால் மணி நேரமாம். ஒருவர் எடை மேடைக்கே ஒரு பெட்டியைத் தூக்கிப் போகலாம் என்றார். இன்னொருவர், லாரி ஏறும் மேடையில் ஆறு கிலோ எங்கே தெரியும், ஈ உட்கார்ந்தால் தெரியுமா என்றார். ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

அப்போது அத்தான் தொண்டையைச் செருமினார்.

"நம்மகிட்ட நானூத்தி இருபது தராசு இருக்கே."

எல்லோரும் தரையில் கிடந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தக் கண்டிப்பான அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொண்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்துக்கு அலைந்திருக்கிறோம்!

*

பிரித்த பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஒரு தராசை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வயரைச் செருகினேன். பச்சை எண்கள் கண் விழித்தன. அதிகாரி அலமாரியிலிருந்து பத்துக் கிலோ எடைக்கல்லைத் தூக்கி வந்தார். அவர்களுடைய தராசைச் சரிபார்க்கும் அரசாங்க முத்திரை போட்ட கல்.

"உங்க தராசை நான் எப்படி நம்பறது? முதல்ல இது பாஸாகட்டும்."

கல்லை வைத்தார். என் நெஞ்சு அடித்த அடிக்கு மேஜை ஆடி எண் மாறிவிடுமோ என்றுகூடப் பயந்தேன். எண்கள் ஓடின. நின்றன. 10.000.

"ம்" என்றார் அதிகாரி. அத்தான் மெதுவாக மூச்சுவிட்டார்.

பிரிக்காத பெட்டி ஒன்றை அப்படியே தூக்கி வைத்தோம். 6.500.

"ஆறரை!" எனக்குக் காது சூடாகிவிட்டது. "பாத்தீங்களா அத்தான்? நான் போட்டப்ப ஆறு. இப்ப ஆறரை. அரைக் கிலோ என்ன வச்சீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அவர் அந்தப் பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த தராசு, மேல்தட்டு, வயர், தெர்மாகோல் எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். வேறு எதுவும் இல்லை.

அதிகாரி என்னிடம் சொன்னார். "அன்னிக்கு நீங்க எப்படி எடை போட்டீங்களோ, அப்படியே இப்ப போடுங்க."

காலிப் பெட்டியைத் தராசின் மேல் வைத்தேன். ஒவ்வொரு பொருளாக உள்ளே இறக்கினேன். கடைசியாகத் தெர்மாகோலை அமுக்கி மூடினேன்.

6.000.

"ஆறு! சொன்னேன்ல! ஆறுதான்!" நான் கைகொட்டிவிட்டேன்.

யாரும் கூடக் கைகொட்டவில்லை. அதே பெட்டி, அதே சாமான், அதே தராசு. இரண்டு நிமிடத்துக்கு முன் ஆறரை, இப்போது ஆறு. மேஸ்திரி ஓரடி பின்னால் போய், "இது என்னங்க, பில்லி சூனியமா?" என்றார். அரைக் கிலோவை யார் தின்றார்கள்?

அதிகாரியின் கண்கள் சுருங்கின. தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை. முதல்லேர்ந்து. மெதுவா."

காலிப் பெட்டியை வைத்தேன். உள்ளே வைக்க வேண்டிய தராசை எடுக்கத் திரும்பினேன். சடாரென்று அவர் என் வலக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே மேடம்!"

"பெட்டியை வச்சீங்க. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"உங்க கட்டைவிரல் என்ன பண்ணுச்சு?"

பார்த்தேன். என் கட்டைவிரல் தராசின் ஓரத்தில், பூஜ்யம் பட்டனின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பெட்டி மேல இருக்கு. தராசு என்ன காட்டுது, நீங்களே படிங்க."

"பூஜ்யம்" என்று படித்தேன். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வரும்போதே எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் அப்படித்தான். எதை எடை போட்டாலும் முதலில் பாத்திரத்தை வைப்போம், பூஜ்யத்தை அழுத்துவோம், பிறகு பொருளைப் போடுவோம். பாத்திரத்தின் எடை கணக்கில் சேரக்கூடாது அல்லவா? சமையலறையில் மாவு அளந்தாலும் அதே. தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை அதே. நினைத்துச் செய்வதில்லை, கண் இமைக்கிற மாதிரி விரல் தானாகப் போய் அழுத்தும். மற்ற நாளெல்லாம் அது சரி. ஆனால் கப்பல் காகிதத்தில் எழுத வேண்டியது பெட்டியோடு சேர்ந்த எடை. நான் காலிப் பெட்டியை வைத்து, பழக்க தோஷத்தில் பூஜ்யத்தை அழுத்தி, அட்டைப்பெட்டியின் எடையை நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். வேறு எந்தத் தொழில்காரர் வீட்டிலும் இந்தத் தப்பு நடக்காது.

அதிகாரி தராசைச் சுத்தமாகக் காலி செய்து, மறுபடி பூஜ்யத்தை அழுத்தி, வெறும் அட்டைப்பெட்டியை மட்டும் வைத்தார். என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

0.500.

"நானூத்தி இருபது அரைக் கிலோ எவ்வளவு?" என்று கேட்டார்.

"இருநூத்திப் பத்து." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க தராசு மேல ஒரு தப்பும் இல்ல. விரலைத்தான் கட்டிப் போடணும்." அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக முழுச் சிரிப்பு வந்தது. "எடையைத் திருத்தி ஒரு கடிதம் எழுதுங்க. தப்பு யாரோடது, எப்படி நடந்துச்சுன்னு காரணம் எழுதி, அவங்க கையெழுத்துப் போடணும். பிரிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதிடறேன்."

மேஜைமேல் இருந்த பேனாவை அத்தான் எடுத்தார். "பேக்கிங் பாத்தது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை இழுத்தார்.

அவமானம் என்றால் அதுதான் அவமானம். காலையிலிருந்து அவரை நார் நாராகக் கிழித்திருக்கிறேன். மனிதர் எனக்காகக் கையெழுத்துப் போடக் குனிகிறார். பேனாவை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"பெட்டியை எடை போட்டது நான். பூஜ்யத்தை அழுத்துனது நான். நான்தான் எழுதுவேன்."

எழுதினேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி வந்தது. மணி நாலு பத்து.

*

ஐம்பது நிமிடத்தில் நானூற்று இருபது பெட்டி! அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அன்றைக்குப் போனது. மேஸ்திரி கையைத் தட்டித் தாளம் போட்டார். கைமாறிக் கைமாறிப் பெட்டிகள் பறந்தன. அத்தான் தலையில் இரண்டு, தோளில் ஒன்று. அதிகாரிகூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பிரித்த பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார்.

"நானூத்திப் பத்தொம்பது" என்று எண்ணி முடித்தார் மேஸ்திரி. "ஒண்ணு எங்க?"

மணி நாலு நாற்பத்தாறு. ஷெட் காலி. நான் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். மூலையில், மேஜைமேல், பச்சைக் கண் விழித்தபடி உட்கார்ந்திருந்தது எங்களைக் காப்பாற்றிய தராசு. வயரைப் பிடுங்கி, பெட்டிக்குள் திணித்து, குழந்தையை அணைத்த மாதிரி அணைத்துக்கொண்டு ஓடினேன். கதவு சாத்தியது. புது சீல் 'டக்' என்று பூட்டியது.

மறுபடியும் எடை மேடை. திருத்திய காகிதத்தை நீட்டினேன். அதே ஆள், அதே பேனா.

"நாலாயிரத்து தொள்ளாயிரத்து அறுபதுன்னு எழுதியிருக்கு" என்றார். திரையைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நாலாயிரத்து... தொள்ளாயிரத்து... அறுபது. அட, கிலோ பிசகலியே!"

"தராசு செய்யறவங்க சார்!" என்று லாரி ஜன்னலிலிருந்து கத்தினேன்.

கேட்டுக்குள் நுழையும்போது மணி நாலு ஐம்பத்தெட்டு.

கண்டெய்னரை உள்ளே இறக்கிவிட்டு வெறும் லாரியில் திரும்பினோம். நானே அக்காவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன், டீ குடித்த பொய் உட்பட. திட்டப்போகிறாள் என்று காதிலிருந்து போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பத்து கிலோ கல்லுக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டாள்.

"பத்து. புள்ளிக்கப்புறம் மூணும் சைபர்தான்."

"அது போதும்டி எனக்கு" என்றாள். பின்னால் இருபத்திரண்டு பேரும் கூச்சல் போடுவது கேட்டது.

போனை வைத்த பிறகு அத்தான் பக்கம் திரும்பவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவரே பேசினார். நான் அறிய அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அன்னிக்கு நீ எடை போட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். உங்க அக்காவும் நின்னா. நீ அழுத்துனதை ரெண்டு பேருமே பாத்தோம். எங்களுக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். "காலையிலேர்ந்து உங்களை எவ்வளவு திட்டிட்டேன் அத்தான். என்மேல கோபமே வரலியா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, முட்டியின் மேல் கட்டைவிரலை ஒருமுறை அழுத்திக் காட்டினார்.

"நீ ஆரம்பிச்சப்பவே ஜீரோ அழுத்திட்டேன்."